புதுப்பதிப்பு மாப்பிள்ளை

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியை மூக்கருகே பிடித்துக்கொண்டு, "பதினொண்ணாவது மாற்றம், கடிகாரம் வலது மூலையிலேர்ந்து நடுவுக்கு வந்துருச்சு" என்று வாசிக்கிறார். எதிரே காபி ஆறி ஏடு படிந்துகொண்டிருக்கிறது. கேட்க ஆள் இருக்கிறதா என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. கேட்டுக்கொண்டிருப்பவன் நான். வாசிப்பவர் என் தங்கையைக் கட்டியவர், எனக்கு மாப்பிள்ளை. எழுந்து போகவும் முடியாது.

ஒரு நூலகத்தின் கணினிகளைப் பராமரிப்பது அவர் வேலை. அங்கே அவருக்குப் 'புதுப்பதிப்பு' என்று பெயர். அவர் கொண்டாடும், யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். அன்று மனிதர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, பென்டிரைவும் கையுமாகக் கிளம்பிவிடுவார். அந்தச் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லாததை இன்றுவரை கவனித்ததில்லை. ஒருமுறை பல் டாக்டரிடம் போனவர், டாக்டரின் கணினியில் புதிய பதிப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் பல்லைக் காட்டாமலே திரும்பி வந்தார்.

"இது நம்ம எல்லாருக்கும் சொந்தம் மச்சான். எந்தக் கம்பெனிகிட்டயும் கைகட்டி நிக்க வேண்டாம்" என்பார். நியாயமான பேச்சுதான், மறுக்க மாட்டேன். ஆனால் அதை எல்லோர் தலையிலும் கட்டுகிற பொறுப்பை இவருக்கு யார் கொடுத்தார்கள் என்று மட்டும் தெரியவில்லை.

புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்க்குமே, அதில் 'பிறகு நினைவூட்டு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துகிறவர்களை அவர் மனிதர்களாகவே மதிப்பதில்லை. "பயந்தாங்கொள்ளிங்க! அந்தப் பட்டனைத் தொடுறவன் உருப்படவே மாட்டான்." என் பெரியப்பா மகன் இரண்டு தடவை அழுத்தினான் என்று தெரிந்து, அவனோடு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாற்றங்களைக் கைப்பட எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவது வழக்கம். இந்த முறை இருபத்து மூன்று. குப்பைத்தொட்டிப் படம் மறைந்துவிட்டது, கணினியை அணைக்க இரண்டு முறை சொடுக்க வேண்டும், திரையில் விரியும் பெட்டிகளின் முனைகள் வளைந்திருக்கின்றன. "முனையைப் பாருங்க மச்சான், என்னமா வழவழன்னு இருக்கு!" என்று திரையைத் தடவிக் காட்டினார். பின்னால் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து சொட்டுகிறது. அதற்கு எந்தப் பதிப்பும் வந்தபாடில்லை.

போன வியாழக்கிழமை, தங்கை துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து அவள் கணினியில் கைவைத்துப் புதிய பதிப்பை ஏற்றிவிட்டார். அவள் குடும்ப நீதிமன்றத்துக்கு மொழிபெயர்க்கிறவள். ஒரு தாயின் வாக்குமூலத்தை அன்று மாலை நாலு மணிக்குள் தமிழில் அனுப்பியாக வேண்டும். தவறினால் விசாரணை ஆறு வாரம் தள்ளிப்போகும். அதுவரை அந்தப் பெண் தன் குழந்தையைப் பார்க்க முடியாது.

திரும்பி வந்தவள் தட்டினாள். திரையில் விழுந்தது தமிழ்தான், ஆனால் ஒரு சொல்லுக்கும் அர்த்தமில்லை. இருபது வருஷமாக அவள் விரல்களுக்குப் பழகியது பழைய தட்டச்சுப் பொறியின் எழுத்து வரிசை. அதைக் காணோம்.

"என்னங்க, என் கீபோர்டு எங்க?"

மாப்பிள்ளை ஃபிரிட்ஜ் கதவுக்குப் போய்ப் பட்டியலில் விரலை ஓட்டினார். "இதோ, பதினேழாவது. பழைய தட்டச்சு வரிசை நீக்கம். யாரும் பயன்படுத்துறதில்லையாம்." எழுதியது அவருடைய கைதான்.

"யாருமே இல்லைன்னா, அப்ப நான் யாருங்க?"

பழையதைத் திரும்பப் போடலாமே என்றேன். போட்டால் எல்லாம் அழிந்துவிடுமாம். மனிதர் உட்கார்ந்து புதிய பதிப்பை உருவாக்கியவர்களுக்குப் புகார் எழுத ஆரம்பித்தார். தலைப்பு வைத்தார், படம் சேர்த்தார், ஒரு வாக்கியத்தை இரண்டு முறை திருத்தினார். மணி ஒன்று. "கவலைப்படாத, அடுத்த பதிப்புல சரி பண்ணிருவாங்க."

"அந்தக் குழந்தைகிட்டயும் அடுத்த பதிப்பு வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லவா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து, அவருடைய அலுவலகப் பையிலிருந்து மடிக்கணினியை உருவினாள். "ஐயோ, அத எடுக்காத!" என்று பாய்ந்தார். அந்தப் பாய்ச்சலிலேயே விஷயம் இருக்கிறது என்று புரிந்துபோயிற்று.

திரை விழித்தது. கடிகாரம் வலது மூலையில், குப்பைத்தொட்டி அதன் இடத்தில், பெட்டிகளின் முனைகள் கூராக. நாலு வருஷத்துப் பழைய பதிப்பு!

"என்ன மாப்பிள்ளை இது?"

"இல்ல மச்சான்... இதுல என் வேலையெல்லாம் இருக்கு. நடுவுல ஏதாவது ஆயிட்டா?"

அடப்பாவி! மற்றவர்களெல்லாம் கணினியை வைத்துக்கொண்டு பல்லாங்குழியா ஆடுகிறார்கள்?

தங்கை ஒரு வரி தட்டிப் பார்த்தாள். பழைய எழுத்து வரிசை பத்திரமாக இருந்தது. உட்கார்ந்தவள் தலை நிமிராமல் அடித்தாள். மாப்பிள்ளை அவள் நாற்காலிக்குப் பின்னால் தண்டனை வாங்கிய பிள்ளைபோல நின்றார். மூன்றே முக்காலுக்குக் கடைசிப் பத்தி மட்டும் பாக்கி.

அப்போது பார்த்துத் திரையின் மூலையில் அறிவிப்பு எட்டிப் பார்த்தது. புதிய பதிப்பு தயார், இப்போதே மாறலாமா என்று கேட்டது. தங்கை விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டு, திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, 'பிறகு நினைவூட்டு' பொத்தானை ஒற்றை விரலால் மெதுவாக அழுத்தினார்.