வத்தலக்குண்டில் நின்ற வண்டி

சென்ற திங்கட்கிழமை காலை சேவியர் தொலைபேசியில் அழைத்து, "சார், நம்ம டீச்சர் போயிட்டாங்க" என்றார். "கடலிலா?" என்று கேட்டுவிட்டேன். "இல்ல சார், பூம்பாறை வீட்டுலதான். வெள்ளனே எந்திரிக்கிறவங்க, இன்னைக்கு எந்திரிக்கல." பல ஆண்டுகளாக நான் அஞ்சிக்கொண்டிருந்த சாவு அவருக்கு வரவில்லை என்று ஒரு கணம் நிம்மதி தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அன்று முழுவதும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

தேவகி டீச்சரை அறிந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொடைக்கானலில் நான் கணிதம் நடத்திய பள்ளியில் அவர் விளையாட்டு ஆசிரியை. பூண்டு விவசாயக் குடும்பத்துப் பெண். ஐம்பது வயதை நெருங்கும்போது ராமேஸ்வரம் போய், சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் முங்கும் ஸ்கூபா கற்றுக்கொண்டு வந்தார். வந்ததும் வட்டக்கானலில் விடுதி நடத்தும் சேவியரையும் என்னையும் சேர்த்துக்கொண்டார். சேவியர் அவருடன் நீருக்குள் இறங்குவார். நான் கரையில் நின்று நேரத்தையும் நீரையும் பார்ப்பேன். "சாரு கடல்ல கால் நனைக்கணும்னா கடல் லீவு லெட்டர் குடுக்கணும்" என்பார் சேவியர். அது உண்மைதான்.

இப்படிப்பட்ட ஒருவனை எதற்குச் சேர்த்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "தைரியசாலியக் கடைசியாக் கேட்டாப் போதும் சார். அவன் எப்படியும் சரின்னுதான் சொல்லுவான். பயப்படுறவங்களத்தான் மொதல்ல கேக்கணும்" என்றார். பயணத்துக்கு முன் அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துதான் திட்டம் போடுவோம். முதலில் நான் பேச வேண்டும். யார் வேண்டாம் என்றாலும் காரணம் கேட்கக் கூடாது. அவர் வைத்த விதிகள் இவை.

மலையில் இருப்பவர்களுக்குக் கடலைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஆழத்தில் மூச்சுவிட்டவரின் உடம்பில் காற்று கரைந்து தங்கியிருக்கும். அது மெல்ல வெளியேறுவதற்குள் உயரத்துக்குப் போனால், மூடி திறந்த சோடாவைப் போல இரத்தத்தில் குமிழி கிளம்பும். கை கால் விழலாம், உயிரும் போகலாம். கடலோரத்துக்காரர்கள் முங்கி எழுந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். எங்களுக்கு வீட்டுக்குப் போவதுதான் ஆபத்து. ஆகவே முங்கிய அன்றிரவு மலையடிவாரத்து வத்தலக்குண்டில் தங்கி, மறுநாள் நடுப்பகலுக்கு மேல்தான் மலையேறுவோம். எங்கள் திட்டம் எப்போதும் அந்த மலைப்பாதையில் தொடங்கிப் பின்னோக்கிக் கடலுக்குப் போகும்.

நான் மறக்க முடியாத ஒரு நாளைச் சொல்கிறேன். ராமேஸ்வரம் தீவில் நாங்கள் போகும் கரைக்கு விடுமுறையில் பல ஊர்களிலிருந்து கூட்டம் வரும். அங்கே கடல்நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில், நீரோட்டம் ஓயும் சிறிது நேரத்தில் மட்டுமே இறங்கலாம். கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு மிதவை கட்டியிருந்தார்கள். அதன் கயிறு சாய்ந்திருந்தால் நீர் இழுக்கிறது என்று பொருள்.

கணக்கின்படி காலையிலேயே நீர் ஓய்ந்திருக்க வேண்டும். கயிறு நிமிரவில்லை. பக்கத்துக் குழுவினர் இறங்கத் தொடங்கினார்கள். "எல்லாரும் போறாங்க சார்" என்றார் சேவியர். "கயிறு சாஞ்சிருக்கு" என்றேன். டீச்சர் முங்கும் உடுப்போடு அப்படியே மணலில் உட்கார்ந்தார். இறங்கியவர்கள் வெகுதூரம் தள்ளிப்போய்க் கரையேறி, சிலிண்டரைச் சுமந்துகொண்டு வெயிலில் நடந்து வந்தார்கள். டீச்சரும் சேவியரும் மதியத்துக்கு மேல் இறங்கி நலமாக எழுந்தார்கள்.

துவட்டிக்கொண்டிருக்கும்போது அவர் தம்பி அழைத்தார். "அக்கா, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குது. ஒன்னையத்தான் கேக்குது. வெரசா வா."

எங்கும் நிற்காமல் வத்தலக்குண்டு வந்து சேர்ந்தோம். பொழுது சாயும் நேரம். சேவியர் விடுதிப் பக்கம் திரும்பாமல் மலைச்சாலை முனையில் நிறுத்தினார். இயந்திரத்தை அணைக்கவில்லை.

"ஆழம் கம்மிதான் டீச்சர். மெதுவா ஏத்துறேன். ஒண்ணும் ஆகாது."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "சார்?"

சரி என்று சொல்லிவிடத்தான் விரும்பினேன். என் தாயாக இருந்தால் என்ன செய்வேன் என்றும் யோசித்தேன். "வேண்டாம் டீச்சர்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"சாரு எதுக்குத்தான் வேணும்னு சொல்லியிருக்காரு? பெத்த அம்மா சார்" என்றார் சேவியர்.

டீச்சர் மலையைப் பார்த்தார். மேலே மேகம் இறங்கியிருந்தது. பிறகு, "வண்டிய ஆஃப் பண்ணு சேவியர்" என்றார். என்னிடம், "நீங்க முங்கல. நீங்க ஏறலாம். அம்மாகிட்ட உக்காருங்க. போனை அவங்க காதுல வைங்க" என்றார்.

நான் பேருந்தில் ஏறினேன். பூம்பாறை போய்ச் சேர்ந்து, அந்த அம்மாவின் காதில் போனை வைத்துப் பிடித்தேன். "எங்கடி இருக்க?" என்றார்கள். "கீழதாம்மா. நாளைக்கு வந்துருவேன்." "மழ வாற மாதிரி இருக்கு. பூண்டு வெளிய கெடக்கு. வந்து அள்ளு" என்றார்கள். அதற்கு மேல் அவர்களால் பேச முடியவில்லை. விடிவதற்குள் அடங்கிவிட்டார்கள்.

மறுநாள் டீச்சர் வந்து இறங்கியபோது ஊரே கூடியிருந்தது. "மீனு பாக்கப் போனவளுக்கு அம்மாவப் பாக்க வழி தெரியலயாக்கும்" என்றார் அவருடைய சித்தி. "அது நான்தான்" என்று தொடங்கினேன். டீச்சர் குறுக்கே வந்து, "நான்தான் வரமாட்டேன்னேன் சித்தி. சாருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

காரியம் முடிந்த பிறகு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. "வேண்டாம்னு சொல்றதோட உங்க சோலி முடிஞ்சுது சார். அதத் தூக்கிச் சொமக்குறது என் சோலி" என்றார். அடுத்த பயணத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தபோதும் முதலில் என்னைத்தான் பேசச் சொன்னார்.

அன்று ஏறியிருந்தால் ஏதாவது ஆகியிருக்குமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். அப்படி நினைத்து விழித்துக் கிடந்ததுண்டு. அவர் ஒரு நாளும் அதை என்னிடம் கேட்டதில்லை.

அவருடைய இறுதிச் சடங்கில் ஒருவர் இன்னொருவரிடம் மெதுவாகச் சொன்னார்: "பெத்தவ சாகக் கெடக்குறப்பக்கூட மேல வராதவ இவ." இத்தனை ஆண்டுகளும் அந்தப் பேச்சைத் தன் பெயரில் வைத்துக்கொண்டே அவர் வாழ்ந்திருக்கிறார். அவரை அறிந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று வேண்டாம் என்றவன் நான். டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தச் சுமைதான். இனி அதை நான் வைத்துக்கொள்கிறேன்.