சொல்லிவிட்டு இறங்க வேண்டிய பாறை

பாறைக் கரட்டின் முதுகில் ஒரு மணி நேரமாக நடக்கிறேன். எதிரே ஓர் ஆள்கூட வரவில்லை. கரடு முடிகிற இடத்தில் ஒரு பெரிய கல், முக்காடிட்ட பெண்ணைப் போல, மேட்டுப்பாளையம் சாலையைப் பார்த்து நிற்கிறது. அங்கே ஆடு மேய்க்கும் ஓர் அம்மா என்னை நிறுத்துகிறார்.

"ஏனுங்க, இந்த அம்மணிகிட்டச் சொல்லாம எறங்கீராதீங்க. சந்தைக்குப் போன புருசன் சொல்லாமயே போயிட்டானுங்க. வழி பாத்துப் பாத்தே கல்லாயிட்டாங்க."

என் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது. காலையில் சரவணம்பட்டி வீட்டைப் பூட்டியபோது சொல்லிக்கொள்ள யாருமில்லை.

அந்த அம்மா ஆடுகள் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, சுடும் கல்லில் கை வைத்து, "போயிட்டு வாரேன்" என்று முணுமுணுக்கிறேன்.

திரும்பாமலே அவர் பதில் சொல்கிறார்: "சரிங்க. நேரமே வந்துருங்க."