7.40 முதல் 8.15 வரை

எண்பத்தொன்பதாம் ஆண்டு டயறியில் மார்ச் பதின்மூன்றாம் திகதிக்கு நான் எழுதியவை மூன்றே வரிகள். "விடியப்புறம் மின்சாரம் நின்றது, சூரியப் புயலாம். இரவு 7.40 முதல் 8.15 வரை வடக்கு வானில் பச்சையும் சிவப்புமாக ஒளி. மிக அழகு." நேரத்தை மணிக்கூட்டைப் பார்த்தே குறித்தேன். ஆனால் அந்தப் பக்கத்தில் அண்ணை இல்லை.

அண்ணை மட்டக்களப்பைச் சேர்ந்தவர். இந்தப் பனி நாட்டுக்கு அகதிகளாக வந்த புதிதில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரே வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். மற்ற நால்வரும் யாழ்ப்பாணத்தார். மகனே என்பதை ஊர்ப் பேச்சில் சுருக்கி, எங்கள் எல்லோரையும் 'மனே' என்றுதான் அழைப்பார். டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அகதி விசாரணையில் வென்றால்தான் மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூப்பிடலாம். கையெழுத்து நன்றாக இருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் கேஸ் எழுதிக் கொடுப்பவன் நான். அவருடைய தம்பியை ராணுவம் சுட்ட திகதியைக் கேட்டேன்.

"திகதி தெரியா மனே. வெளிச்சந்தான் ஞாபகம்" என்றார்.

'திகதி நினைவில்லை' என்று எழுதினேன். வெளிச்சத்தை எழுதவில்லை.

அன்று வானம் பச்சையானபோது தெருவே அண்ணாந்து நின்றது. வேலைக்கென்று படியிறங்கி வந்த அண்ணை ஒரு தடவைதான் மேலே பார்த்தார். "பரா லைற்! படுங்க மனே, படுங்க!" என்று கத்தியபடி, நிறுத்தியிருந்த காரின் பக்கத்தில் பனியில் குப்புற விழுந்தார். சுற்றிவளைக்கும்போது ராணுவம் வானில் ஏற்றும் வெளிச்சக் குண்டுக்கு ஊரில் அதுதான் பெயர். முதலில் சிரித்தவன் நான்.

"எழும்புங்கோ அண்ணை, இஞ்சை பனியைத் தவிர ஒருத்தரும் எங்களைச் சுத்திவளைக்கேல்லை."

எழுந்து பனியைத் தட்டிக்கொண்டு அவரும் சிரித்தார். அந்தக் கதையைப் போகுமிடமெல்லாம் சொன்னேன். ஒரு கிழமைக்குள் அவருக்கு 'பரா லைற் அண்ணை' என்று பெயர் விழுந்துவிட்டது.

அடுத்த மாதம் விசாரணைக்குத் துணையாகப் போனேன். இருட்டில் சுட்டது ராணுவம்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அண்ணை வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "தெரியா" என்றார். மொழிபெயர்ப்பாளர் அந்த ஒரு சொல்லை அப்படியே சொன்னார்.

வெளியே படியில் வைத்துக் கேட்டேன். "ஏன் அண்ணை அந்த வெளிச்சத்தைச் சொல்லேல்லை?"

"நீயே சிரிச்சாய் மனே. அவனுகள் சிரிக்க மாட்டானுகளா?"

கேஸ் தள்ளுபடியானது. கடிதம் வந்த கிழமையே பெட்டியோடு போய்விட்டார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், போன மாதம், நான் இப்போது குடியிருக்கும் லவாலில், "அப்பா, ஓடி வாங்கோ, வானம் பச்சை!" என்று மகள் கூப்பிட்டாள். போய் நின்றேன். அவள் பார்த்து முடிக்கும்வரை என்னால் மேலே பார்க்க முடியவில்லை. உள்ளே வந்து பழைய டயறியைத் தேடி எடுத்தேன். எழுதி முடித்த பக்கத்தில் மறுபடி கை வைப்பதில்லை என்பது என் ஒழுங்கு. அன்று அதை மீறினேன். 'மிக அழகு' என்பதற்குக் கீழே எழுதினேன்:

"அண்ணை பனியில் படுத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை."