ஆலமரத்துக்குள் இருந்த கோயில்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளைப் பொறுத்து வாசியுங்கள்.

தேவாரம் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் மேய்ந்த எங்கள் சினைப்பசு ஒருநாள் வீடு திரும்பவில்லை. அங்கே சிறுத்தை நடமாட்டம் உண்டு. விடிந்ததும் நானும் மனைவியும் பயந்துகொண்டே காட்டுக்குள் தேடினோம். பெரிய ஆலமரத்தின் விழுதுகளுக்கு நடுவே அது கன்றை நக்கிக்கொண்டு நின்றது.

நஞ்சுக்கொடியை ஆலமரத்தில் கட்டினால் பால் நன்றாகச் சுரக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. அதைத் துண்டில் பொதிந்து, கட்ட இடம் தேடி விழுதுகளை விலக்கினேன். உள்ளே ஒரு கல்முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. அதன் பின்னால் தூண்கள், வாசல், இருட்டில் கருவறை. மரம் ஒரு முழுக் கோயிலின் மேல் நின்றது. ஒரு கல்லும் விழாதபடி வேர்கள் பிடித்திருந்தன. பசு கன்று ஈன்றது அதன் முன்மண்டபத்தில். மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

“ஏ புள்ள, தீட்டுப் பொட்டலத்தோட சாமி முன்னாடி நிக்கிறேனே!”

“ராத்திரி பூராம் இங்கன பேறுகாலம் பாத்ததே இந்தச் சாமிதானே, அவுகளுக்கா தீட்டு? பேசாம கட்டுங்க,” என்றாள்.

கட்டினேன். திருவிழாக் கூட்டத்தில் கடைசியாக நின்றே கும்பிட்டுப் பழகியவன் நான். அன்று சாமிக்கு நேர் எதிரே நின்றும் எனக்குக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை.

எழுதத் துணிந்தது: கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள்.