லொறி ரியூப்பில் மூச்சுவிட்ட கடல்

போன கிழமை எங்கள் நெளுக்குளம் ஒழுங்கைக்குள் டெங்குப் புகை அடிக்க வந்தார்கள். மெஷின் சத்தம் கேட்டதும் அயலட்டை முழுக்கச் சன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க, நான் மட்டும் பேத்தியின் மீன் போத்தலை நெஞ்சோடு அணைத்து, சாரத்தை மற்றக் கையால் பிடித்தபடி சந்தி வரைக்கும் ஓடினேன். போத்தலுக்குள் இருந்தது ஒரேயொரு தங்கமீன். அதுவும் சீக்காளி. சந்தியில் நின்ற பெடியள், "ஐயா, எங்க கடத்திக்கொண்டு போறியள்?" என்று கேட்டார்கள். புகை அடங்கித் திரும்பி வந்தபோது என் மனைவி மணி வாசலில் நின்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "உன்ர அம்மப்பா மருந்தெண்டா இப்பிடித்தான் பிள்ளை. அவர் அந்தக் காலத்தில ஒரு கடலையே கொண்டவர்."

உண்மைதான். கொன்றேன். அதை உங்களுக்குச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. இந்த வயதில் வெட்கப்படுவதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். கிளிநொச்சியில் மலேரியா கந்தோரில் நான் கிளாக்கர். வன்னியில் அப்போது காய்ச்சலில் நடுங்காத ஆளே இல்லை. தோளில் தாங்கியோடு ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் சுவரெல்லாம் மலத்தியன் என்ற நுளம்பு மருந்து அடிப்பார்கள். அழுகின உள்ளியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டது போல ஒரு நாற்றம், நாள்கணக்கில் நிற்கும். அடிக்கிற அன்று சனம் வீட்டிலுள்ள அத்தனையையும் முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். அரிசிப் பானை, தண்ணீர்க்குடம், பாய், சாமிப்படம், அடைகாக்கிற கோழி, எல்லாம். யார் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது ஊருக்கு அன்றைக்குத்தான் தெரியவரும். முதல்நாளே சைக்கிளில் போய் அறிவிப்பது என் வேலை. "குடத்தை மூடி வைச்சாக் காணாது. வெளியில எடுத்து வையுங்கோ" என்று நான் படலை படலையாகக் கத்தாத நாள் இல்லை. இந்த வசனத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணியை நான் கட்டியது முல்லைத்தீவுக் கரையிலிருந்து. அலைச் சத்தத்தில் பிறந்து அலைச் சத்தத்தில் நித்திரை கொண்ட பெண். நான் கொண்டுவந்து விட்டதோ செம்மண்ணும் வாய்க்காலும் தவளையும் உள்ள ஒரு வாடகை வீட்டில். வந்த முதல் கிழமையே, "என்னப்பா உங்கட ஊர் இப்பிடி ஊமையாக் கிடக்கு?" என்றாள். பிறகு கறிக்கு உப்புக் கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. எந்தச் சண்டையும் ஒரே இடத்தில் போய் முடியும்: "நான் அம்மா வீட்ட போறன்." வெறும் வெருட்டல் இல்லை. ஒருமுறை பெட்டி கட்டி வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். எனக்கு முதலில் வந்த பயம், கந்தோரில் என்ன சொல்லுவார்கள் என்பது. கிளாக்கர் புத்தி. இரண்டாவது பயம் இரவில் வந்தது. அவள் இல்லாமல் அந்த வீட்டில் இருக்க என்னால் ஏலாது. இந்த இரண்டாவதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாத மடையன், கடலைக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்தால் சரி என்று முடிவெடுத்தேன்.

படச்சட்டம் போடும் கடையில் கண்ணாடி வெட்டி, மரச்சட்டத்தில் பொருத்தி, ஒழுகி, திரும்பப் பொருத்தி, திரும்ப ஒழுகி, ஒருவழியாகத் தொட்டி நின்றது. எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் இல்லை. மீனுக்குக் காற்று வேண்டுமே? பழைய லொறி ரியூப் ஒன்றைச் சைக்கிள் பம்மால் ஊதி, அதன் வாயில் சேலைன் குழாய் பூட்டித் தண்ணீருக்குள் விட்டேன். விடிய ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் ஊதினால் போதும், முத்து முத்தாகக் காற்று வரும். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரேயொரு கண்டுபிடிப்பு அது.

கடல்தண்ணீரும் சீவராசிகளும் மணியின் தம்பி சின்னராசாவின் பொறுப்பு. கான்களில் நிரப்பிப் பஸ்ஸில் கொண்டுவருவான். ஒருமுறை கொண்டக்டர், "கள்ளுக் கடத்திறாய் என்ன?" என்று மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்துப் பார்த்திருக்கிறார். உடையார்கட்டுத் தாண்டும் வரைக்கும் அந்த மனுசன் துப்பிக்கொண்டே வந்தாராம். இப்படி வந்து சேர்ந்தவைதான் முருகைக்கல் என்கிற பவளக்கல் துண்டுகள், அவற்றில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரிந்து சுருங்கும் ஒரு சீவன், மஞ்சள் கோடு போட்ட குஞ்சு மீன்கள், சங்குக்குள் குடியிருக்கும் ஒரு நண்டு. நண்டுக்கு மணி எங்கள் பெரிய கிளாக்கரின் பெயரை வைத்தாள். யாராவது கிட்டப் போனால் உள்ளே இழுத்துக்கொள்ளும், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வெளியே வரும். பொருத்தமான பெயர்.

பின்னேரங்களில் அவள் தொட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சண்டையும் குறைந்தது. பெட்டி அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அந்த மாசி மாதம் தன் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காக மணி ஊருக்குப் போனாள். பஸ் ஏறும்போது, "சாப்பாட்டை அள்ளிக் கொட்டாதேங்கோ. காத்தை மட்டும் மறந்திடாதேங்கோ" என்றாள். மறக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அந்தக் கிழமை எங்கள் பகுதிக்கு மருந்து அடிக்கும் முறை. சனம் நாற்றத்துக்குப் பயந்து பின்னடித்தது. "முதல் கந்தோர்க்காரர் தன்ர வீட்டுக்கு அடிக்கட்டும்" என்று ஒருவர் சொல்ல, எனக்கு ரோசம் வந்துவிட்டது. அடியுங்கோ என்றேன். அரிசி, குடம், கதிரை, கலண்டர் எல்லாம் முற்றத்துக்கு வந்தன. தொட்டியை அசைக்க ஏலாது. பலகை வைத்து, அதற்கு மேல் பொலித்தீன் விரித்து, அதற்கு மேல் நனைத்த சாக்குப் போட்டு, சுற்றிவரக் கயிற்றால் கட்டினேன். ஒரு துளி மருந்து உள்ளே போயிருக்காது. பின்னேரம் சாமான்களை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, நாற்றத்தில் கண் எரிய எரிய, அந்த அறைக்குள்ளேயே இருந்து சைக்கிள் பம்மை எடுத்து, லொறி ரியூப்பை நன்றாக, வழமையைவிடக் கொஞ்சம் கூடவே, ஊதிவிட்டேன். பாவம், நாள் முழுக்க மூடிக் கிடந்ததுகள் என்ற இரக்கம்.

விடிய சாக்கை எடுத்தேன். எல்லாம் மிதந்தன. கல்லில் இருந்த பூ சளியாக வழிந்து கிடந்தது. நண்டு, சங்கை விட்டு முழுதாக வெளியே வந்து செத்திருந்தது. அதன் உடம்பை நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூக்கைத் தொட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். மலத்தியன். நான் ஊருக்குச் சொல்லும் வசனம் அப்போதுதான் என் காதிலும் விழுந்தது. நிலத்தில் குந்தியிருந்து அழுதேன் ஐயா. மீனுக்காகவா, பெட்டி கட்டப்போகும் பெண்சாதிக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிறகு அந்தத் தண்ணீரை அள்ளிக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினேன். வாழையும் செத்தது. கந்தோரில் கதை பரவி, "நுளம்பு ஒண்டும் சாகேல்லை, கிளாக்கர் ஒரு கடலை முடிச்சிட்டார்" என்று சிரித்தார்கள்.

சிரிக்காத ஆள் பக்கத்து வளவு ராமாயி அக்கா மட்டும். எழுபத்தேழு கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, எங்கள் பக்கத்தில் காணி வெட்டிக் குடியேறியவர். மத்தியானம் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார்.

"என்னா தம்பி, காலைலருந்து அடுப்பு பொகையவே காணோம்? சாவு வூட்டுல ஒல வைக்க மாட்டாங்கள்ல, அதான் கொண்டாந்தேன்."

நக்கல் அடிக்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"வச்சி வளத்தது போனா மனசு கேக்காது தம்பி. லயத்துல ஒரு நாயி வுட்டுட்டு வந்தேன். இன்னும் கனவுல வந்து வாலாட்டுது. சாப்புடுங்க."

சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மணி வரும் பஸ்ஸுக்குப் போய்க் காத்து நின்றேன். முல்லைத்தீவுப் பக்கம் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரித்து வைத்தேன். அது போகும் வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று திட்டம். அவள் இறங்கி என் முகத்தைப் பார்த்த உடனேயே திட்டம் போயிற்று.

"என்ன நடந்தது?"

"எல்லாம் செத்துப்போச்சு."

"எல்லாமோ? நண்டுமோ?"

"ஓம். வீட்டுக்கு மருந்தடிச்சது."

"மூடேல்லையோ?"

"வடிவா மூடினனான். பிறகு காத்தடிச்சனான்."

"எங்க வைச்சு?"

"வீட்டுக்குள்ள. அந்த மருந்துக் காத்தைத்தான்."

பையை நிலத்தில் வைத்தாள். பிறகு சிரித்தாள். "ஊருக்கெல்லாம் சொல்லுற ஆள்!" என்று சொல்லிச் சொல்லி, சைக்கிள் கரியரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பும் பஸ் எங்களுக்கு முன்னாலேயே ஹோர்ன் அடித்துப் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேற பிடிச்சுத் தரச்சொல்லிச் சின்னராசாவிட்டக் கேப்பம்" என்றேன்.

"வேண்டாம். இனி ஒண்டையும் கொண்டராதேங்கோ. கடலிலயிருந்து நீங்கள் இஞ்ச கொண்டந்ததில நான் ஒருத்தி காணும்."

அன்றைக்குத்தான் அந்த இரண்டாவது பயத்தை அவளிடம் சொன்னேன். தெருவில், சைக்கிளை உருட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமாகப் பஸ் ஏறி அவள் ஊருக்குப் போவோம். அவள் முழங்கால் தண்ணீரில் நிற்பாள். நான் கரையில் செருப்புகளுக்குக் காவல்.

அந்த ஞாயிறுகளும் நெடுநாள் நீடிக்கவில்லை. யுத்தத்தோடு கடலுக்குப் போகத் தடை வந்தது. பிறகு கரையிலிருந்த சனம் ஊரைவிட்டு எழும்பியது. மாமி ஒரு உடுப்புப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் வீட்டிலேயே கண்ணை மூடினா. சின்னராசா எங்கே என்று இன்றுவரைக்கும் தெரியாது. அவர்களுடைய வீடு நின்ற இடத்தைப் பிறகு நாங்கள் போய்த் தேடினோம். கிணற்றைக் கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போதும் நானும் மணியும் சண்டை பிடிக்கிறோம். உப்பு வேண்டாம் என்று டொக்டர் சொன்ன பிறகும் அதே உப்புக்குத்தான். கோபம் ஏறினால் எழும்பி நிற்பாள். "நான் அம்மா..." என்பது வரைக்கும் வரும். அதற்கு மேல் வராது. குசினிக்குள் போய்விடுவாள். ஒரேயொருக்கால் அதை முழுதாகச் சொல்லிவிட மாட்டாளா என்று, இங்கே கதிரையில் இருந்தபடி, நான் காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.