நட்சத்திரத்தைத் தக்கவைக்கும் செயற்குழு

ரொறன்ரோ சின்ன நகரம் இல்லை. ஆனாலும் கூடைப்பந்து என்று வந்துவிட்டால், ஒவ்வொரு கோடையிலும் ஒரு சின்ன ஊரைப் போல நடுங்கும். யாரோ ஒரு நட்சத்திரத்தின் ஒப்பந்தம் முடியப்போகும். அவர் வெயிலடிக்கும் அமெரிக்க நகரம் ஒன்றுக்குப் போய்விடுவாரோ என்று பஸ் சாரதி முதல் பல் வைத்தியர் வரை கவலைப்படுவார்கள். என் அப்பாவும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து கவலைப்படுவார்.

"உவருக்கு இஞ்ச என்ன குறை? வெளியில சினோ கொட்டினாலும் வீட்டுக்குள்ள ஹீற் இருக்குத்தானே."

அப்பாவின் பள்ளிக்கூடம் இடப்பெயர்வில் பாதியிலேயே நின்றுபோனது. அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் என்றால், குடும்பத்தோடு பாய் விரித்துப் படுத்த அகதி முகாம். எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். என் பட்டச் சான்றிதழ் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், அவற்றைவிடக் கொஞ்சம் உயரத்தில் தொங்குகிறது. ஆணி அடித்தது நான்தான். அதைக் கழற்றும் எண்ணம் இல்லை.

நான் படித்தது விளையாட்டு முகாமைத்துவம், அதாவது அணிகளை நிர்வகிக்கும் படிப்பு. சின்ன நகரத்து அணிகள் தங்கள் நட்சத்திரங்களை எப்படிப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதைப் பற்றிக் கடைசி வருடத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். பணம் எல்லாரிடமும் இருக்கிறது. ஆகவே சின்ன நகரங்கள் வேறு வழிகளையும் தேடும். நீண்ட ஒப்பந்தம் கொடுக்கும். பயிற்றுநரை மாற்றுவதென்றால் நட்சத்திரத்திடம் அபிப்பிராயம் கேட்கும். அவருடைய சிநேகிதனையும் அணிக்குள் எடுக்கும். தாயை முன்வரிசையில் இருத்தும். கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அந்தப் புள்ளிதான் என்னை மோர்னிங்சைட்டில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயற்குழுவுக்குள் கொண்டுபோய்த் தள்ளியது.

இங்கே, விட்டுவந்த ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது, எங்களைப் போன்ற சங்கங்களுக்கு ஒரு கூடைப்பந்து அணியும் இருக்கிறது. கோடையில் சங்கங்களுக்கு இடையே சுற்றுப்போட்டி நடக்கும். ஒரு ஊருக்கு விளையாட வேண்டுமென்றால் தாயோ தகப்பனோ அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். எங்கள் நட்சத்திரத்துக்குத் தாய் எங்கள் ஊர், தகப்பன் பக்கத்து ஊர். அங்கே இரண்டு ஊருக்கும் இடையில் ஒடுங்கிய ஓர் ஒழுங்கைதான். இங்கே நெடுஞ்சாலை. பக்கத்து ஊர்க் குடும்பங்கள் பெரிய வீடுகள் வாங்கி அஜக்ஸுக்குப் போய்விட்டன. அவர்களின் சங்கமும் வீடுகளைப் போலவே பெருத்துவிட்டது. அணிக்குச் சீருடை, போட்டிக்குப் போக வாடகை பஸ், தண்ணீர்ப் போத்தலில்கூடச் சங்கத்தின் இலச்சினை. எங்களிடம் நட்சத்திரம் இருந்தார். அவ்வளவுதான். அவர் வருவதற்கு முன்பு நாங்கள் சுற்றுப்போட்டிக்குப் போய் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம்.

அஜக்ஸ்காரர் அவரோடு கதைக்கிறார்கள் என்ற செய்தி வந்த அன்று, செயற்குழு என்னிடம் திட்டம் கேட்டது. என் திட்டத்தின் முதல் வரி இதுதான்: அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்பது.

தலைவர் அங்கிள் தலையை ஆட்டினார். "பிள்ளை, கேட்டா எங்களுக்கு அவர் தேவை எண்டு அவருக்கு விளங்கியிடும்."

"அது இப்பவே விளங்கியிருக்கும், அங்கிள்."

"இப்ப சந்தேகம் மட்டும்தான். நாங்கள் கேட்டா உறுதியாயிடும்."

முதல் வரி போனது. மற்ற வரிகளைச் செயற்குழு தன் முறையில் நிறைவேற்றியது. நீண்ட ஒப்பந்தத்துக்குப் பதிலாக ஆயுள் உறுப்புரிமை. அதன்படி, காலமானால் மலர்வளையம் உண்டு என்பதை இருபதுகளில் இருந்த ஒருவருக்குப் பொருளாளர் அண்ணை பொறுமையாக விளக்கினார். சிநேகிதனை எடுப்பது என்பது நட்சத்திரத்தின் பெரியம்மா மகனை எடுப்பது என்றானது. அந்தப் பையன் சதுரங்கத்தில் கெட்டிக்காரன். மைதானத்திலும் ஒவ்வொரு நகர்வுக்கும் அவ்வளவு நேரம் யோசித்தான். பயிற்றுநரை மாற்ற வழியில்லை, அவர் தலைவரின் மச்சான். நட்சத்திரத்தின் தாயை மகளிர் அணித் தலைவி ஆக்கினார்கள். அந்தப் பதவியின் ஒரே கடமை, கூட்டத்துக்குக் கூட்டம் வடை சுட்டுக்கொண்டு வருவது.

பிறகுதான் சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடல் வந்தது.

அமெரிக்காவில் பெரிய வீரர்களின் சட்டையை மண்டபத்தின் முகட்டில் தொங்கவிடுவதைத் தலைவர் அங்கிள் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். "இதைச் செய்தா ஒருத்தரும் விட்டிட்டுப் போகமாட்டினம்" என்றார். விளையாடி ஓய்ந்தவர்களுக்குத்தான் அப்படிச் செய்வார்கள் என்று சொன்னேன். "நாங்கள் முந்திச் செய்வம்" என்றார். என்னை மேடைக்கான ஆங்கில உரையை எழுத அனுப்பிவிட்டு மண்டபத்தை அவர்கள் சோடித்தார்கள். சட்டையை மட்டும் தொங்கவிட்டபோது அது உலரப் போட்டது மாதிரி இருந்ததாம். ஆகவே கீழே நட்சத்திரத்தின் பெரிய படம் ஒன்றைச் சட்டம் போட்டு வைத்தார்கள். படம் வெறுமையாகத் தெரிந்ததாம். ஆகவே மாலை. மாலை போட்ட பிறகு விளக்கு இல்லாமல் இருந்தால் மங்களம் இல்லை. மண்டபத்தில் நெருப்புக் கொளுத்த அனுமதி இல்லாததால் பற்றரியில் எரியும் விளக்கு ஒன்றை முன்னால் வைத்தார்கள். ஒவ்வொரு படியும் நியாயமாகத்தான் இருந்தது.

நான் உரையோடு உள்ளே நுழைந்தபோது எனக்கு முன்னால் நட்சத்திரத்தின் தாய் போய்க்கொண்டிருந்தார், கையில் வடைத் தட்டோடு. மகன் வெளியே கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். தாய் மேடையைப் பார்த்தார். தட்டு விழுந்தது.

"ஐயோ! என்ர பிள்ளை!"

மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். மீதிப் பேர், அதுவரை படத்தைக் கவனிக்காதவர்கள், இப்போது கவனித்து உச்சுக்கொட்டத் தொடங்கினார்கள். ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, "எப்பிடி நடந்தது, பிள்ளை? ஹைவேயிலயோ?" என்றார்.

தலைவர் அங்கிள் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "அக்கா, அக்கா, இது மரியாதை. அமெரிக்காவில இப்பிடித்தான் செய்வினம்."

"உயிரோட நிக்கிற பிள்ளைக்கு மாலை போட்டு விளக்கு வைச்சிருக்கிறியள்! அமெரிக்காவில செத்த வீட்டுக்கு அப்ப என்ன செய்வினம்? பந்து எறிவினமோ?"

அப்போதுதான் நட்சத்திரம் உள்ளே வந்தார். எல்லாத் தலைகளுக்கும் மேலாகத் தன் படத்தைப் பார்த்தார்.

"நல்ல போட்டோ," என்றார். "நான் எப்ப செத்தனான்?"

தாய் அவருடைய முகத்தை இரண்டு கைகளாலும் தடவிப் பார்த்துவிட்டு, நேரே மேடைக்குப் போய் மாலையைக் கழற்றினார். விளக்கை அணைக்கச் சுவிற்ச் எங்கே என்று தெரியாமல் அதைக் கவிழ்த்து வைத்தார். என் ஆங்கில உரை நன்றாக வந்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

நட்சத்திரம் வெளியே கார் மீது சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார். செயற்குழு அன்று கேட்க விடாத கேள்வியை நான் கேட்டேன்.

"தம்பி, உமக்கு உண்மையில என்ன வேணும்?"

"நித்திரை, அக்கா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஐ ஆம் சீரியஸ், அக்கா. சனி இரவு ஒஷாவாவில வெயார்ஹவுஸ் வேலை. விடிய முடிச்சிட்டு நேர இஞ்ச பிராக்ரிசுக்கு வாறன். போன கிழமை நானூற்றி ஒண்டு ஹைவேயில கண் மூடியிட்டுது. பக்கத்து ட்ரக்குக்காரன் ஹோர்ண் அடிச்சதால முழிச்சனான். அம்மாட்ட சொல்லேல்ல."

மண்டபத்தில் அந்த அன்ரி கேட்டது எனக்கு நினைவுக்கு வந்தது.

"அஜக்ஸ் ஆக்கள் என்ன தாறம் எண்டவை?"

"ஒண்டும் இல்லை. அவைக்கு பிராக்ரிஸ் பின்னேரம். அவ்வளவுதான். நீங்களும் பின்னேரம் வைச்சா நான் ஏன் போறன்? எனக்கு அம்மான்ர ஊருக்கு விளையாடத்தான் விருப்பம்."

இதைவிட மலிவான நட்சத்திரம் உலகத்தில் எந்த அணிக்கும் கிடைத்திருக்காது. அடுத்த ஞாயிறு பின்னேரம் கூட்டத்தில் நான் எழுந்து நின்று சொன்னேன். எங்கள் கூட்டமும் அணி பயிற்சி எடுக்கும் அதே பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில்தான் நடக்கும், கூடைக்குக் கீழே கதிரைகளைப் போட்டு. காலை நேரம் பயிற்சிக்கு, பின்னேரம் கூட்டத்துக்கு என்று இரண்டையும் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்தது.

"இடத்தை மாத்தத் தேவையில்லை. நேரத்தை மாத்தினாக் காணும்," என்றேன். "பயிற்சி பின்னேரம். கூட்டம் காலமை."

எல்லாரும் அடுத்த வடையை எடுத்தார்கள்.

"காலமை ஆர் எழும்புறது?" என்றார் பொருளாளர் அண்ணை.

"ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் பிள்ளை மனிசர் கொஞ்சம் படுக்கலாம்," என்றார் பயிற்றுநர். இவர்தான் அத்தனை நாளும் அணியைக் காலையில் வரச்சொல்லிவிட்டுத் தான் பாதியில் வந்து சேர்பவர்.

"அங்கிள், இந்தக் கூட்டம் என்னத்துக்குக் கூடியிருக்கு?" என்று தலைவரைக் கேட்டேன்.

"அவரைப் போகவிடாமல் வைச்சிருக்கிறது எப்பிடி எண்டு கதைக்க."

"அவருக்கு வேணுமெண்டது இந்தக் கூட்டம் நடக்கிற நேரம்."

"நேரம் சங்க யாப்பில விதியா எழுதியிருக்கு, பிள்ளை. படிச்ச பிள்ளை நீர், யாப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை."

வாக்கெடுப்புக்கு விட்டார்கள். நான் கையை உயர்த்தினேன். பின்வரிசையில் நட்சத்திரத்தின் தாயும் உயர்த்தினார். நெடுஞ்சாலைக் கதையை இதற்குள் மகன் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும், எழுந்து நின்றே உயர்த்தினார். மகளிர் அணிக்குச் செயற்குழுவில் வாக்கு இல்லை என்று அவருக்கு நினைவூட்டினார்கள். அவர் கையை இறக்கி, மிச்ச வடைகளைத் தட்டோடு எடுத்து மூடினார்.

கோடையில் சுற்றுப்போட்டி வந்தது. நட்சத்திரம் அஜக்ஸ் சீருடையில் இறங்கினார். நன்றாக நித்திரை கொண்ட மனிதர் ஒருவர் எப்படி விளையாடுவார் என்று நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம். எங்கள் ஆட்கள் அவரைத் தொடக்கூட முடியவில்லை. சதுரங்கக்காரப் பையன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான். தலைவர் அங்கிள் பக்கத்தில் நின்றவர்களிடம் எல்லாம், "தகப்பன்ர ஊர்ப் பாசம், என்ன செய்யிறது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் இரண்டு தரம் திருத்தினேன். "நித்திரை, அங்கிள்" என்றேன். அவர் அதை என்னுடைய நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் வழக்கம்போலக் கூடினோம். தலைவர் நிகழ்ச்சி நிரலை வாசித்தார், எல்லாரும் கதவைப் பார்த்தபடி இருந்தார்கள். நேரம் போனது. வடை வரவில்லை.

"தாயும் மகனும் உண்மையாப் போயிட்டினம் போல," என்றார் பொருளாளர் அண்ணை, மெதுவாக.