வாசலில் மாட்டிய படம்

எனக்குச் சிறுவயதிலிருந்தே கால்கள் இயங்காது, சக்கர நாற்காலிதான். மணமேல்குடி பக்கம் எங்கள் ஊரில் அரசு அலுவலகம் கட்டிய கான்ட்ராக்டர் ஒருநாள் வீட்டுக்கே வந்தார்.

“அண்ணே, ஆபீஸ் வாசல்ல சக்கர நாற்காலி ஏறச் சாய்வா ராம்ப்பு போட்டிருக்கோம், அதுல மொத ஆளா நீங்கதான் ஏறணும். ஒங்கள வச்சு ஒரு போட்டோ எடுத்து மேல அனுப்பணும்.”

அந்த மரியாதையில் மயங்கினேன். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன்.

நாற்காலி வழுக்கிக்கொண்டு ஏறியது. மேலே நின்று சிரித்தேன், படம் எடுத்தார்கள். வராந்தாவை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் தடதடவென்று சத்தம். திரும்பினால், ராம்ப்பைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிமென்ட் போலத் தெரியச் சாம்பல் பெயின்ட் அடித்த, கான்கிரீட் போட முட்டுக்கொடுக்கும் சென்ட்ரிங் பலகைகள்.

“இத எங்கிட்டுக் கொண்டுபோறீங்க?”

“இன்னொரு சைட்டுலயும் போட்டோ எடுக்கணும்ணே. இங்கதான் எடுத்தாச்சுல்ல, பில்லு பாசாயிரும்” என்றார் கான்ட்ராக்டர், கூச்சமே இல்லாமல்.

இரண்டு பேர் என்னைச் சிமென்ட் மூட்டைபோலத் தூக்கிக் கீழே வைத்தார்கள். மடியில் ஒரு பிரியாணிப் பொட்டலமும் வைத்தார்கள். வீட்டுக்குப் போய்த் தின்றும் தொலைத்தேன்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி அலுவலக வாசலில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு கையெழுத்துக்குப் போனாலும், யாராவது இறங்கி வரும்வரை படிக்குக் கீழே வெயிலில் கிடக்கிறேன். காறித் துப்பலாம்போல வரும். நிமிர்ந்தால், பல்லைக் காட்டிக்கொண்டு எதிரே இருப்பது என் முகம்தான்.